லாஸ்ட் சான்ஸ் மூட்டிய அவசரம்

அவசரம் என்ற சொல்லை எங்கள் மேனேஜரைப்போல் வீணடித்தவர் கெடா மாநிலத்தில் முன்பும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. பாடாங் செராய்க்கு வெளியே, செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நான் அவருக்குக் கிளார்க். அவருடைய உண்மைப் பெயர் அறைக்கதவில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் 'லாஸ்ட் சான்ஸ்'. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்ததும், "இதான் லாஸ்ட் சான்ஸ்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அடுத்த திங்களும் அதே. ஒரு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த கடைசி வாய்ப்புகள் ஐம்பதுக்குக் குறையாது.

அவர் கேட்டது என்னவோ சின்ன மாற்றம்தான். மணிக்கு ஒருமுறை சில கையுறைகளில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் காலையில் ஒரு தடவை பார்ப்பார்கள். பிறகு சாயங்காலம் வரைக்கும் பார்க்காமலே ஃபாரத்தில் டிக். அந்த ஃபாரத்தில் கடைசிக் கையெழுத்து லாஸ்ட் சான்ஸுடையது. அதையும் அவர் படித்துப் பார்த்துப் போட்டதில்லை.

இதை நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் மனிதர் பினாங்கில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஆட்களிடம் அவசர உணர்வை உண்டாக்குவதுதான் தலைவனின் முதல் வேலை என்று அங்கே யாரோ அவர் மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

முதலில் வாசலில் ஒரு பெரிய மின்கடிகாரம் வந்தது. தொண்ணூறு நாளிலிருந்து பின்னோக்கி ஓடும். பூஜ்யம் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. பூஜ்யம் வந்த அன்று பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், மறுபடியும் தொண்ணூறுக்குத் திருப்பிவிட்டுப் போனார். அதனால் பயனடைந்தவர் கேண்டீன்காரம்மா ஒருவர்தான். அதில் வினாடி பார்த்து அரைவேக்காடு முட்டை போட்டார்.

அடுத்து, கூட்ட அறையிலிருந்த நாற்காலிகள் காணாமல் போயின. உட்கார்ந்தால் சோம்பல் வருமாம். கால் மணி நேரக் கூட்டம் ஒன்றரை மணி நேரமானது, ஏனென்றால் அலுக்காமல் நிற்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். மெஷின் பழுதுபார்க்கும் முனியாண்டி அண்ணன், தஞ்சோங் டாவாயில் மீன் பிடிக்க வைத்திருந்த மடக்கு ஸ்டூலைக் கொண்டுவந்து முன்வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் லாஸ்ட் சான்ஸ், "நாம எல்லாரும் எரியுற மேடையில நிக்கிறோம்!" என்று கர்ஜித்தார்.

"எந்த மேடை சார்? கோயில் திருவிழா மேடையா?"

"முனியாண்டி, அது ஒரு உதாரணம்!"

"அப்ப எரியலையா? பயமுறுத்திட்டீங்களே லா."

அறையே சிரித்தது. அவர் முகம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, தீ அபாய மணியை அவரே தன் கையால் அழுத்தினார்.

முந்நூறு பேர் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினோம். கார் நிறுத்துமிடத்தில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்றுகொண்டு, மைக்கில், "சபாஷ்! இந்த வேகம்தான் வேணும்! தெனமும் இதே வேகம்!" என்கிறார். உள்ளே மெஷின்கள் நின்று, அன்றைய ரப்பர் பால் தொட்டியிலேயே திரிந்துபோனது. படியில் விழுந்த பேக்கிங் பிரிவு சரோஜா அக்காவின் முழங்கால் கிழிந்து இரத்தம் ஓடியது.

"சார், கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று முனியாண்டி அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். லாஸ்ட் சான்ஸ் லாரியிலிருந்து இறங்கினார்.

மறுநாள் சரோஜா அக்கா நொண்டிக்கொண்டே அவர் அறைக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு கையுறை, விரல் நுனியெல்லாம் காய்ந்த இரத்தம்.

"ஆஸ்பத்திரியில தையல் போட்ட நர்ஸ் மிஸ்ஸி போட்டிருந்தது சார். கழட்டுனா அவங்க விரல்ல என் ரத்தம். பெட்டியைப் பார்த்தேன், நம்ம ஃபேக்டரி நம்பர், தேதி. அந்தப் பொண்ணு போயி கையைத் தேச்சுத் தேச்சுக் கழுவுது. என் கையால பேக் பண்ணது சார். எனக்கு வெக்கமாப் போச்சு."

லாஸ்ட் சான்ஸ் அந்தப் பையைக் கையில் எடுத்தார். பிறகு, "மன்னிச்சிடுங்கக்கா. அந்த மணியடிச்சதுக்கும் சேர்த்து" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் கூட்டத்தில் மைக் இல்லை. சரோஜா அக்காவைப் பேசச் சொன்னார். அவர் நடந்ததைச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரிப் பெட்டியிலிருந்த தேதியில் செய்த கையுறை ஒன்றில் லாஸ்ட் சான்ஸ் தண்ணீரை ஊற்றிப் பிடித்தார். ஒரு விரல் நுனியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"இந்தத் தேதி லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டது நான்" என்றார். "பார்க்காமப் போட்டேன்."

டிக் போட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அன்று பதினொரு மணிக்கு, யாரும் சொல்லாமலே, முனியாண்டி அண்ணன் முதல் கையுறையில் தண்ணீர் ஊற்றினார். பன்னிரண்டுக்கும் ஊற்றினார். வருடம் முழுக்கக் கத்தி நடக்காதது, ஒரு காலை நேரத்தில் நடந்துவிட்டது.

மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். நான்கே வரி. தவறு தன்னுடையது, தொழிலாளர் யார்மீதும் நடவடிக்கை வேண்டாம். அடுத்த மாதமே அவரை ஜொகூருக்குத் தூக்கியடித்தார்கள்.

போகிற அன்று ஒவ்வொரு மெஷினாக நின்று விடைபெற்றார். சரோஜா அக்கா, "வழியில சாப்பிடுங்க சார்" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அவருடைய கார் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி மறையும்வரை நான் வாசல் கேட் அருகிலேயே நின்றேன். வேலை நேரத்தில் இப்படி நிற்பதைப் பார்த்திருந்தால் மனிதர் கத்தித் தீர்த்திருப்பார். திரும்பி வந்து கத்தினால்கூட நன்றாயிருக்கும் என்றுதான் அப்போது தோன்றியது.