கட்டைவிரலின் கீழ் ஒரு வரி

கதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே. அவற்றிலும் சில திருப்பி அனுப்பப்பட்டன. மேலும், இது நாய்த் தீவனம் பற்றிய கதை. உணவு வேளையில் இதைக் கையில் எடுத்தவர்கள் தயைகூர்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டு வரலாம். கதை காத்திருக்கும்.

ஜினசேனன் கணினியின் முன் அமர்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. திரையில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: 'விலங்கின் பெயர்.'

வேங்கிக்கால் ஊரைத் தாண்டி இருந்த 'பைரவர் நாய் பிஸ்கட்' தொழிற்சாலையில் அவர் ஆறு ஆண்டுகளாக எழுத்தர். சமணக் குடும்பம், ஆகவே ஊரார் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் 'நயினார்'. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கைக்கூடத் தொடமாட்டார். பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர், வெளிநாட்டிலிருந்து வரும் எலும்புத் தூளுக்கும் ஈரல் பொடிக்கும் கடிதம் எழுதிப் பிழைக்க நேர்ந்தது. அதற்கு அவர் ஓர் உபாயம் வைத்திருந்தார். இன்வாய்ஸைக் கையில் எடுத்ததும், சரக்கின் பெயர் உள்ள வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வார். எடையைப் படிப்பார், தேதியைப் படிப்பார், கப்பலின் பெயரைக்கூடப் படிப்பார். அந்த ஒரு வரியை மட்டும் ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் படித்ததில்லை.

துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை விடுவிக்கும் விண்ணப்பங்களை இதுவரை சென்னை ஏஜென்ட் மூர்த்தி நிரப்பி வந்தார். அவர் தொழிலை விட்டுவிட்டார். முதலாளி ஆதிமூலமோ, ரமணாசிரமத்துப் பக்கம் ஓர் அறை எடுத்து இருபத்தொரு நாள் மௌன விரதத்தை அன்றுதான் தொடங்கியிருந்தார். ஆகவே பொறுப்பு முழுவதும் ஜினசேனன் தலையில் விழுந்தது. மூர்த்தி வழக்கமாக நிரப்பும் அதே விலங்குப் பொருள் படிவத்தை அவரும் திறந்து வைத்திருந்தார்.

கிடங்கில் இருந்த பழைய மாவு பன்னிரண்டு நாளைக்குத்தான் வரும். அதற்குள் கன்டெய்னர் வந்து சேராவிட்டால், அவர்களுடைய ஒரே பெரிய வாடிக்கையான பெங்களூர்க் கடை வேறிடம் பார்த்துக்கொள்ளும். பிறகு தொழிற்சாலையைப் பூட்ட வேண்டியதுதான். பாக்கிங் செய்யும் பதினெட்டுப் பெண்களுக்கும் வேலை போய்விடும்; ஜினசேனனுக்கும் போய்விடும்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரான மேஸ்திரி சந்திரம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நயினாரே, காலையிலேர்ந்து பொட்டியவே பாத்துக்கினு இருக்கீங்க?"

"பிராணியோட பேரு கேக்குது, சந்திரம்மா."

"பிராணியா? இந்த வாட்டி வந்திருக்கறது..."

ஜினசேனன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத! புண்ணியமாப் போவும்."

"சொல்லலைங்க சாமி. சொல்லக் கூடாதுன்னுதான் முதலாளியும் சொல்லிட்டுப் போயிருக்காரு." சந்திரம்மாள் சிரித்தபடி சென்றுவிட்டார்.

ஜினசேனன் நன்கு யோசித்து, 'நாற்கால் ஜீவன்' என்று நிரப்பினார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'எந்த நாற்கால் ஜீவன்?'

'புல் உண்பது. சாதுவானது' என்று எழுதினார்.

அடுத்த கேள்வி வந்தது: 'விலங்கு உயிரிழந்த விதம்?'

அவர் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்துவிட்டார். வெட்டப்பட்டது என்று தம் கையால் எழுதுவதா? தாமே வெட்டியதற்குச் சமம் அல்லவா? வெகுநேரம் கண்களை மூடி அமர்ந்திருந்துவிட்டு, 'இயற்கை எய்தியது' என்று எழுதி அனுப்பினார். ஓர் உயிரையாவது காப்பாற்றிவிட்ட நிறைவு ஏற்பட்டது. அன்று மதியம் மோர்ச் சாதம் ஒரு கரண்டி ஜாஸ்தியாகவே இறங்கியது.

மறுநாள் தொலைபேசி மணி அடித்தது.

"ஜினசேனன் சாருங்களா? துறைமுகத்துல இருந்து மணிமொழி பேசறேன். விலங்குப் பொருள் இறக்குமதிய செக் பண்ற ஆபீசர்."

"வணக்கங்க மேடம்."

"தானா செத்துச்சுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க மேடம். யாரும் அதை ஒண்ணும் பண்ணலைங்க."

"தானா செத்துதுன்னா நோய் வந்து செத்திருக்கும் சார். அந்தத் தூளை நாட்டுக்குள்ளயே விட முடியாது. டாக்டர் பரிசோதிச்சு, ஆரோக்கியமா இருக்குன்னு சொன்னப்புறம் வெட்டினதா இருக்கணும்."

ஜினசேனன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ, நல்லா இருந்தா வெட்டணும். பாவம், தானா போய்ச் சேந்தா மட்டும் தப்புங்களா?"

"ரூல் அப்படித்தான் சார். இன்னொண்ணு. நீங்க பிராணின்னு எழுதறீங்க. இன்வாய்ஸ்ல வேற என்னமோ போட்டிருக்கே? அதுல..."

"மேடம்! தயவுசெஞ்சி அதைப் படிச்சிக் காட்டாதீங்க. நான் எழுதினதுதான் சரி."

"அப்போ இன்வாய்ஸ் பொய்யா?"

"பொய்னு சொல்ல மாட்டேங்க. அது அவங்க ஊரு நாகரிகமா இருக்கும்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. எதையோ எழுதிக்கொள்கிறார்கள் என்று ஜினசேனன் நினைத்தார். அது சரியான நினைப்புத்தான்.

நிலைமையைச் சீர்செய்ய, அன்று மாலையே அவர் ஒரு விளக்கக் கடிதம் அனுப்பினார்: 'மேற்படி பிராணிக்கு எந்த நோயும் இருந்ததில்லை. முதுமை ஒன்றே காரணம். மிகுந்த அமைதியுடன் உயிர் பிரிந்ததாக அறிகிறேன்.'

பதில் இரண்டே வரிகளில் வந்தது. 'பத்து டன்னும் ஒரே பிராணியா? இல்லையெனில் ஒவ்வொன்றுக்கும் கால்நடை மருத்துவரின் இறப்புச் சான்று அனுப்பவும், அல்லது சரக்கை எரித்துவிட எழுத்துமூலம் சம்மதம் தெரிவிக்கவும்.'

அது ஒன்பதாம் நாள். வேறு வழி தெரியாமல் ஜினசேனன் ஆட்டோ பிடித்து முதலாளியிடம் சென்றார்.

ஆதிமூலம் மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். எழுதிக் காட்டுவதும் பேசுவதற்குச் சமம் என்பது அவருடைய விரதத்தின் விதி.

"தொந்தரவுக்கு மன்னிக்கணுங்கய்யா. கன்டெய்னர் போர்ட்லயே நிக்குது. பேப்பர்ல அந்த வரியில ஒரு சின்ன சிக்கல். நான் இன்னா செய்யட்டுங்க?"

நோய், முதுமை, இறப்புச் சான்று ஆகியவற்றைச் சொல்லி விரதத்தில் இருப்பவரின் மனத்தைக் கலைக்க அவர் விரும்பவில்லை.

முதலாளியின் முகம் மலர்ந்தது. அவர் ஜினசேனனின் வலது கட்டைவிரலைச் சுட்டிக்காட்டினார். பிறகு தம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு கைகளாலும் எதையோ பிளந்து உள்ளங்கையில் கொட்டினார். அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, உதடுகளை மூடி மென்றார். கடைசியாக ஜினசேனனின் தோளில் கை வைத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அமர்ந்தபடி ஜினசேனன் ஒவ்வொன்றாகப் பொருள் கண்டார். கட்டைவிரல் என்றால் கைநாட்டு. அதாவது கையெழுத்தைப் போட்டுவிடு. பிளந்து கொட்டியது, சரக்கைக் கொட்டித் தொலைத்துவிடு. வாயை மூடியது, வெளியில் மூச்சு விடாதே. கண் கலங்கியது நஷ்டத்தை நினைத்து. இந்த நேரத்திலும் தோளில் கை வைத்தாரே, எவ்வளவு பெரிய மனசு!

அன்றே சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

சரக்கு எரிக்கப்பட்டது. "சர்க்கார் ரூல் அப்படி" என்று மட்டும் பெண்களிடம் சொன்னார். பன்னிரண்டாம் நாள் மாவு தீர்ந்தது. பெங்களூர்க் கடை வேறிடம் போயிற்று.

இருபத்திரண்டாம் நாள் ஆதிமூலம் வந்தார். கோப்பு முழுவதையும் படித்தார். விரதம் முடிந்து, பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லாதிருந்தும், அவர் ஜினசேனனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் தொழிற்சாலையை மூடுவதாக அறிவிப்பு ஒட்டப்பட்டது.

கடைசி நாள் மாலை. ஜினசேனன் கோப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த இன்வாய்ஸ் கைக்கு வந்தபோது, பழக்கதோஷத்தால் கட்டைவிரல் தானாகவே போய் அந்த வரியின் மேல் அமர்ந்தது.

சாப்பாட்டுப் பையுடன் விடைபெற வந்த சந்திரம்மாள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னும் படிக்கவே இல்லியா நயினாரே? ஆறு வருஷமா நீங்க விரலை வச்சி மறைச்சிக்கினு கஷ்டப்படறதப் பாக்க முடியாமத்தான், இந்த வாட்டி கறியும் வேணாம் எலும்பும் வேணாம்னு, முதலாளி வெறும் பட்டாணி மாவா வரவழைச்சாரு. நீங்களே படிச்சி சந்தோஷப்படணும்னுதான் எங்களயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

இழப்பின் விவரம் வருமாறு: பட்டாணி மாவு, பத்து டன். வேலை, பத்தொன்பது பேருக்கு. வாடிக்கையாளர், ஒருவர். ஜினசேனனை அப்படி நினைத்துப் பார்த்த முதலாளி, ஒருவர்.

உயிர்ச்சேதம் ஏதுமில்லை.