ஒரு வருஷப் பரீட்சை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் சர்க்கார் கஜானா காலியானது. அதற்குக் காரணம் யார் என்று மேலாபீஸ் தீர விசாரித்துக் கண்டுபிடித்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியாததுதான் காரணம். உடனே ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது.

பாரிவாக்கத்துக்கும் நூம்பலுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு அது வந்தபோது பாஸ்கல் வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஓலை போடப் பதினோரு ரூபாய் கேட்டு மூன்று வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்த மனுஷர் அவர். மழை வந்தால் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் ஒழுகாத ஒரே மூலையில் ஒண்டிக்கொள்வோம். கவரை அவசர அவசரமாகப் பிரித்தார். உள்ளே ரூபாய் இல்லை, சிக்கனம்தான் இருந்தது.

"பிள்ளை ஒன்றுக்குக் காலணா வீதம் கொடுத்து, செலவழிப்பதா சேமிப்பதா எனச் சிந்திக்கப் பழக்கவும்" என்றது முதல் பத்தி. "மேற்படி காலணாவுக்கு நிதி ஒதுக்கப்படாமையால் பிள்ளைகள் அதைப் பாவனையாக வைத்துக்கொள்ளவும்" என்றது இரண்டாம் பத்தி.

வைத்துக்கொண்டோம். முனியம்மா அன்றைக்கே தன் காலணாவுக்கு வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டாள், எல்லாம் பாவனைதான். ஜெயராமன் தன் காலணாவை ஏரிக்கரையில் தொலைத்துவிட்டதாக அழுதான். சர்க்கார் பணத்தைத் தொலைத்த குற்றத்துக்கு ஒரு மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றான். ஏழு வயது வேம்புலி மட்டும் மூடிய கையைத் திறக்கவே இல்லை. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட ஒரு கையாலேயே காட்டுகிறாள் என்று அவள் அம்மா நாகம்மாள் வந்து வாத்தியாரிடம் சண்டை போட்டாள்.

மூன்றாம் பத்தியில்தான் வினை இருந்தது. "எது இல்லாமல் ஒருவர் ஒரு வருஷம் உயிரோடிருக்க முடியுமோ அது ஆசை. எது இல்லாமல் முடியாதோ அது தேவை. தேவைக்கு மட்டுமே செலவு செய்க."

இந்தப் பாடத்தில் எங்களைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வீரராகவன் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே குமாஸ்தா செங்கல்வராயனும் நாலடுக்கு டிபன் கேரியரும் இறங்கினார்கள்.

"கஞ்சி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தேவை" என்றோம்.

"பட்டுப் பாவாடை?"

"ஆசை."

இன்ஸ்பெக்டர் குளிர்ந்துபோனார். இதுதான் சமயம் என்று வாத்தியார் மெல்ல ஆரம்பித்தார். "சார், இந்தக் கூரை..."

"எத்தனை வருஷமாக ஒழுகுகிறது?"

"மூணு வருஷமா சார்."

"யாராவது செத்தார்களா?"

"இல்லைங்க சார்."

"அப்படியானால் ஆசை. எழுதிக்கொள்ளும், செங்கல்வராயன்."

வாத்தியார் முகம் தொங்கிப்போயிற்று. வேம்புலிக்குப் பொறுக்கவில்லை. மூடிய கையோடு எழுந்து நின்றாள்.

"சாமி, போன தபா நீங்க எப்போ வந்தீங்க?"

"நாலு வருஷம் இருக்கும். ஏன்?"

"நாலு வருசமா நீங்க வர்ல. நாங்க உசுரோடத்தான் கீறோம். அப்போ நீங்களும் ஆசைதான் சாமி."

செங்கல்வராயன் ஒழுங்கான குமாஸ்தா. காதில் விழுந்ததையெல்லாம் எழுதுவார், இதையும் எழுதிவிட்டார்.

அறிக்கை மேலே போனது. மேலாபீஸ் அதை மூன்று மாதம் பரிசீலித்து உத்தரவு போட்டது. இன்ஸ்பெக்டர் நாலு வருஷம் வராததற்கு வாகனக் குறைவே காரணம். ஆகவே அவருக்கு மோட்டார் கார் ஒரு தேவை. அந்தச் செலவை ஈடுகட்ட எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும். மேற்படி பள்ளிக்கூடம் தேவையா ஆசையா என்பது இதுவரை முறைப்படி சோதிக்கப்படவில்லை. எனவே சம்பளம் உள்பட யாவற்றையும் நிறுத்தி, ஒரு வருஷம் மூடிப் பார்க்கவும்.

வாத்தியார் பூட்டுப் போட்ட அன்று நாங்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஏரிக்கு ஓடினோம். இன்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷத்தில் முனியம்மா களையெடுக்கப் போனாள். ஜெயராமன் செங்கல் சூளைக்குப் போனான். நான் எருமை மேய்த்தேன், 'ஃ' எத்தனை புள்ளி என்பதுகூட மறந்துபோனது. வாத்தியார் ஊரை விட்டுப் போகவில்லை. கைக்கடிகாரத்தை விற்று, ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டு, பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தார். கடைசி வாரம் வீடு வீடாக வந்து, "விசாரிக்க வருவாங்க. உள்ள கஷ்டத்தை அப்படியே சொல்லுங்க" என்று கெஞ்சினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் வந்து பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இல்லையென்று சொன்னால் வாய்முகூர்த்தம் பலித்துவிடும். அதையும் ஒருவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார் என்றால் கேட்கவே வேண்டாம்.

புது மோட்டாரில் செங்கல்வராயன் வந்தார். இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை, ஸீட்டில் புழுதி படும் என்று தன் பக்கத்துக் கதவைத் திறக்கவும் விடவில்லை.

"உன் பெண் எப்படி இருக்கிறாள்?" என்று நாகம்மாளைக் கேட்டார் செங்கல்வராயன். உள்ளே வேம்புலி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு இன்னா சாமி, ராசாத்தி மாரி கீது."

இருபத்து மூன்று வீட்டிலும் இதே பதில். ஒவ்வொரு வாசலிலும் வாத்தியார் பின்னால் நின்று கைஜாடை காட்டிக்கொண்டே வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கடைசியில் குமாஸ்தா அவர் பக்கம் திரும்பினார்.

"நீர் சௌக்கியமா, வாத்தியாரே?"

வாத்தியார் சட்டைக்குள் இன்னொரு வாத்தியார் நுழையலாம், அவ்வளவு இளைத்திருந்தார்.

"ஆண்டவர் கிருபையிலே சௌக்கியம் சார்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் செங்கல்வராயன் எழுதிவிட்டார்.

வாத்தியார் அந்த வாரமே டிரங்குப் பெட்டியோடு போய்விட்டார். பின்னாலேயே மேலாபீஸிலிருந்து முத்திரை வைத்த கடிதம் ஒன்று வந்தது. படித்துக் காட்ட ஊரில் ஆளில்லை. கூரைக்குப் பணம் வந்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு ஒரு காலணா, நிஜக் காலணா, வசூல் பண்ணி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கோயிலில் மாட்டினோம்.

பத்து வருஷம் கழித்து, யுத்த காலத்தில் ஆவடி ராணுவ முகாமில் மூட்டை தூக்கப் போன இடத்தில் நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். ஊருக்கு வந்து கோயிலில் ஏணி போட்டு ஏறிப் படித்தேன். "ஒருவரும் சாகாமல் ஒத்துழைத்தமைக்கு நன்றி. பள்ளி ஆசையே எனத் தீர்மானிக்கப்பட்டு நிரந்தரமாக மூடப்படுகிறது."

கீழே ஊரே அண்ணாந்து நின்றது. நாகம்மாள்தான் கேட்டாள். "இன்னா நைனா எழுதிகீது?"

"நாம எல்லாரும் நல்லா கீறோமாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.