ஆறாம் எண் படுக்கையிலிருந்து மாப்பிள்ளைக்கு

என் தங்கையைக் கைப்பிடித்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம். நலமில்லை என்று இரண்டு டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்களும் தங்கையும் நிம்மதியாக இருப்பீர்கள், நான்தான் வீட்டில் இல்லையே.

மாப்பிள்ளை, ஒரு சந்தோஷச் செய்தி. நாற்பது நாளாகப் பூட்டிய வார்டில் கிடக்கிறேனே, வெள்ளிக்கிழமை வெளியே வரப்போகிறேன். பதினோரு நாள் தூங்காமல், நம் கட்டடத்து லிஃப்ட் அழுகிறது என்று சொல்லி அதைப் பிரித்துப் படிக்கட்டெல்லாம் பரப்பி வைத்தது உண்மைதான். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், திரும்ப மாட்டுவதற்குள் நீங்கள் என்னை வண்டியில் ஏற்றிவிட்டீர்கள். சரி, எனக்கு முடியாமல் போனது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது எட்டு மணி நேரம் கட்டை மாதிரி தூங்குகிறேன்.

போன வாரம் வார்டு அலமாரி ஆடிக்கொண்டிருந்தது, என் கை சும்மா இருக்குமா, காலுக்கு அட்டை வைக்கலாம் என்று நகர்த்தினேன், பின்னால் சுவரில் ஒரு பலகை. நோயாளிகளின் உரிமைகள் என்று ஒன்பது வரி. சொந்த உடை உடுத்தலாம், கடிதத்தை யாரும் பிரிக்கக் கூடாது, எந்த மருந்து எதற்கு என்று கேட்கலாம், அடைத்து வைத்தது சரியில்லை என்றால் மறுஆய்வுக் குழுவிடம் முறையிடலாம். நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணே, அது எப்பவோ மாட்டினது," என்றார்.

"எப்ப மாட்டினா என்னம்மா, இன்னும் கழட்டலையே," என்றேன்.

அவ்வளவுதான், வார்டே கிளம்பிவிட்டது. பக்கத்துப் படுக்கைத் தபால்காரர் தன் சட்டையைக் கேட்டார், ஒருத்தர் மருந்துப் பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்தார், எதிர்ப் படுக்கைக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல் பலகையை மூன்று தரம் வாசித்தார். நாலு வருஷமாக அவரைப் பார்க்க ஆள் வரவில்லை. அவருக்கும் சேர்த்து நானே மனு எழுதினேன். பேனா கொடுத்தது நர்ஸம்மாதான், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார், நல்ல மனுஷி.

நேற்று குழு வந்தது, மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா, "வீட்டுக்குப் போனா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"மாத்திரையைத் தவறாமப் போடுவேன். லிஃப்ட் பக்கமே போக மாட்டேன், படியில ஏறிக்குவேன். எங்க மாப்பிள்ளையை உட்கார வச்சு ஒண்ணு கேப்பேன், பூட்டி வைக்கிறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு."

கோபம் இல்லை மாப்பிள்ளை, வருத்தம்தான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கோப்பைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னார். காயா பழமா என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, பழம்தான்.

மருமக்களுக்கு என் ஆசி. தங்கைக்கு என் அன்பு. தங்களுக்கு என் மரியாதை, கேள்வி நேரில்.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரி குமாஸ்தா கோப்போடு ஓடி வந்தார். என்னைச் சேர்த்த அன்றைய அவசரத்தில் 'நோயாளி' என்ற இடத்தில் உங்கள் பெயர், முகவரி எல்லாம் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. டாக்டர்கள் எல்லோரும் 'ஆறாம் எண் படுக்கை' என்றே எழுதி வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஆக, என்னை யாரும் அடைக்கவே இல்லையாம், முதல் நாளே நடந்து போயிருக்கலாமாம். கோப்பின்படி, நாற்பது நாளாக வார்டிலிருந்து காணாமல் போயிருப்பது நீங்கள்தான். வண்டி அனுப்பி உங்களை அழைத்துவரப் பொறுப்பாளர் சம்மதம் வேண்டும் என்று குமாஸ்தா படிவத்தை நீட்டினார். "அவரை ஒரு வார்த்தை கேட்காம எதிலயும் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டேன். அதனால் கேட்கிறேன் மாப்பிள்ளை, வர உங்களுக்குச் சம்மதமா?