மல்காஜ்கிரிக்குக் கடல் வந்த வாரம்

எங்கள் மல்காஜ்கிரி அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செயலாளராகிவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

முப்பத்து நாலு வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்தவன் நான். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியது உபதொழில். துண்டுப்பிரசுரம் எழுதியது முழுநேரத் தொழில். இரண்டு முறை சஸ்பெண்ட் ஆனேன். கேன்டீன் சாம்பாருக்குள் பருப்பு வந்தது என்னால்தான். ஓய்வுபெற்ற அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் அது வேலைநிறுத்தம் செய்தது. இப்போது சங்கத்தை நடத்தும் பிள்ளைகள் வாட்ஸப்பில் கட்டைவிரலை உயர்த்திப் போராடுகிறார்கள். ஒருவனும் என்னைக் கூப்பிடுவதில்லை.

ஆகவே செயலாளர் பதவி. நாற்பது வீடு, ஒரு லிஃப்ட், பாதி நாள் காற்றை மட்டும் இறைக்கும் ஒரு போர்வெல். ஒரு தலைவனுக்கு வேறென்ன வேண்டும்?

பொதுக்குழுவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணி. போட்டியிடுகிறவர் நேரில் வந்து நிற்க வேண்டும். வராதவர் பெயர் எடுக்கப்படாது. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு போனில் பதவி பிடிக்கிறவர்களைத் தடுக்கப் போன வருஷம் நானே கொண்டுவந்த விதி அது.

தேர்தலை நடத்துகிறவர் பக்கத்து ஃபிளாட் வெங்கட்ரமணன். எங்கள் தொழிற்சாலையின் முன்னாள் பணியாளர் அதிகாரி. என் இரண்டு சஸ்பென்ஷன் உத்தரவிலும் இருப்பது அவர் கையெழுத்து. ஓய்வுபெற்றதும் ஊரெல்லாம் விட்டுவிட்டு என் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கினார்.

என் மனைவி பாமாவிடம் முடிவைச் சொன்னேன்.

"நில்லுங்களேன்," என்றாள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே.

எனக்குத் திக்கென்றது. பதினான்கு வாதங்களைத் தயாராக வைத்திருந்தேன். போராடாமல் கோரிக்கை நிறைவேறினால் எனக்குக் காய்ச்சல் வரும்.

"உனக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்லையா?"

"எதுக்கு?"

"சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"வெண்டைக்கா முத்தல். அடுத்த தடவை ஒடிச்சுப் பாத்து வாங்குங்க."

அந்த வாரக் கடைசியில் மாதாப்பூரிலிருந்து என் மகள் ஹர்ஷிதா வந்தாள். அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தமிழ் புரியும். பதில் எந்த மொழியில் வரும் என்று அவளுக்கே தெரியாது. செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"டாடீ, இது தேக்கோ. எங்க ஆஃபீஸ் பூர்ணா டொரோன்டோ போறாரு. ரீஃப் டேங்க் விக்கிறாரு. கடல் தண்ணி, பவளம், லைட், எல்லாம் செட்டா வருது."

பார்த்தேன். நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் நீல வெளிச்சம். பவளங்கள் மெதுவாக அசைந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். நன்றாகத்தான் இருந்தது. "வறுக்க ஆகுமா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அந்தத் தொட்டி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஏன் வரக்கூடாது?"

"வரக்கூடாதுன்னா வரக்கூடாது."

"காரணம் சொல்லு."

"காரணம் சொல்ற வழக்கம் எனக்கு இல்ல."

தடை உத்தரவு. கலந்தாலோசனை இல்லை, காரணம் இல்லை. சாம்பார் விவகாரத்தில் வெங்கட்ரமணன் சொன்ன அதே வாக்கியம். என் ரத்தம் கொதித்தது. அந்த நிமிஷத்திலிருந்து கடல் இல்லாமல் என்னால் வாழ முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

கோரிக்கைப் பட்டியலை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். கறுப்புப் பட்டை அணிந்து காபி குடித்தேன். "அது என் ரவிக்கைத் துணி, கழட்டி வைங்க," என்றாள். உண்ணாவிரதம் அறிவித்தேன். காலை டிபனுக்குப் பிறகு தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெற்றிகரமாக முடித்தேன்.

ஐந்தாம் நாள் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. சமரச அதிகாரியாக வெங்கட்ரமணன் சொந்தப் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். ஏழு ஷரத்துகள். ஆறாவது ஷரத்து இப்படி: முதல் ஆறு வாரம், தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை சந்திரமோகன் தொட்டியை விட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் தொட்டி வெளியேற்றப்படும்.

"அது என்ன ஆறு டு எட்டு?" என்றேன்.

"நான் கோயிலுக்கும் வாக்கிங்குக்கும் போற நேரம். நான் இல்லாதப்ப உங்க மீன் செத்தா பழி என் மேல வரும்."

"நியாயமான ஷரத்துதான், சந்திரமோகன்," என்றார் வெங்கட்ரமணன்.

தொட்டி எந்தச் சுவரோரம் என்பதில்தான் என் கவனம் இருந்தது. அவர்கள் ஜன்னலோரம் என்றார்கள். நான் டிவி இருக்கும் சுவர் என்றேன். ஒரு மணி நேரம் வாதாடி வென்றேன். மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டு, வெளியே வந்து லிஃப்ட் அருகே நின்று எனக்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை மாதாப்பூர் போனோம். பூர்ணா நல்ல பையன். தெலுங்கில் பாடம் எடுத்தான்; சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"அங்கிள், இந்தப் பாறைங்கதான் முக்கியம். இதுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. மீனோட கழிவையெல்லாம் அதுங்கதான் சாப்பிட்டுச் சுத்தம் பண்ணும். காயவிட்டா செத்துடும். தண்ணியிலேயே வெச்சு எடுத்துட்டுப் போங்க."

எனக்குக் கண் கலங்கியது. கோடிக்கணக்கானோர். இரவு பகல் இல்லை, லீவு இல்லை, சம்பளம் இல்லை. கண்ணுக்கே தெரியாத தொழிலாளர்கள்.

"அடியில இருக்கிற மண்ண மட்டும் தூக்கிப் போட்டுடுங்க. புது மண்ணு வாங்கிக்கங்க."

"மண்ணுல பாக்டீரியா இல்லையா?"

"இருக்கும் அங்கிள். ஆனா நாலு வருஷ அழுக்கும் இருக்கு. கலைச்சா அம்மோனியா ஏறும். மீனுக்கு விஷம்."

"நாலு வருஷம் உழைச்சவங்கள ஒரே நாள்ல வெளிய அனுப்பணும்?"

"அங்கிள், அது மண்ணு."

"ஆட்குறைப்புக்கு நான் ஒருநாளும் சம்மதிச்சதில்ல, தம்பி."

நான்கு பக்கெட் மண்ணும் டிராலி ஆட்டோவில் மல்காஜ்கிரி வந்து சேர்ந்தது. ஒரு துகளைக்கூட விடவில்லை.

தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி. அதில் பம்பும் வடிகட்டியும். அதற்குப் பெயர் சம்ப்பாம். வாசலில் தரைக்கடியில் ஒரு சம்ப் இருப்பது போதாதென்று ஹாலிலும் ஒன்று. கேன் கேனாகச் சுத்தத் தண்ணீர் வரவழைத்து, உப்புப் பொடி கலந்து, பூர்ணா வீட்டுப் பழைய தண்ணீரையும் சேர்த்து ஊற்றினோம். மறுநாள் கலங்கல் தெளிந்தது. விளக்கைப் போட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று நாட்கள் நான் யாரையும் எதிர்க்கவில்லை. மூடிக் கிடந்த பவளங்கள் ஒவ்வொன்றாக விரல் நீட்டின. ஒரு நண்டு தன் சங்கைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துச் சங்கில் குடியேறியது. அட்வான்ஸ் கேட்க யாரும் வரவில்லை. கையில் காபி ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"டாடீ, பெரிய மீன் ஃபீமேல். அதுதான் பாஸ்," என்றாள் ஹர்ஷிதா. "சின்னது ஹஸ்பெண்ட்."

பாமா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம்."

"எது?"

"சின்னது."

"ஏன், நல்லாத்தானே சுத்துது?"

"அதான் பாவம்."

ஞாயிறு காலை பல் துலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பொதுக்குழு ஆறு மணி. ஷரத்தும் ஆறு மணி. கோபத்தோடு போய் நின்றேன்.

"அரை மணி நேரம் விதிவிலக்கு வேணும்."

"எடுத்துக்கங்க," என்றாள் பாமா. "தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டுப் போங்க. அது போதும்."

மறுபடியும் போராட்டமில்லாத வெற்றி. எனக்கு லேசாகக் காய்ச்சலடித்தது.

மாலை ஐந்தேமுக்கால். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் நான்கு பக்க உரை. எந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்தை விட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டும். கோங்கூராத் துவையல் மாதிரி பச்சையானது.

தொட்டியைப் பார்த்தேன். பெரிய மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. சின்னது பாறை இடுக்கில் ஒருக்களித்துக் கிடந்தது.

பூர்ணாவுக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், அந்த மண்ணத் தூக்கிப் போட்டீங்கதானே?"

"தொட்டிக்குள்ளதான் போட்டேன், தம்பி."

"பாதித் தண்ணிய மாத்துங்க அங்கிள். இப்பவே."

நல்லவேளை, நீல டிரம்மில் உப்புத் தண்ணீர் கலந்து தயாராக இருந்தது. ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். வாயெல்லாம் கடல். மறுமுனையைப் பால்கனிக்கு வெளியே தொங்கவிட்டேன். கீழே யார் வீடு என்று பார்க்க நேரமில்லை.

கீழிருந்து மைக் சத்தம் வந்தது. வெங்கட்ரமணன் தொண்டையைச் செருமினார்.

"போங்க," என்றாள் பாமா. வெங்கடகிரிச் சேலை கட்டி, பூ வைத்து நின்றிருந்தாள். கோயிலுக்கு என்று நினைத்தேன். "உங்க பேரக் கூப்பிடப் போறாங்க."

குழாயைப் பார்த்தேன். சின்ன மீனைப் பார்த்தேன். அதன் செவுள் ஒருமுறை அசைந்து நின்று, பிறகு மறுபடி அசைந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் எந்தத் தோழனையும் நடுவில் விட்டுவிட்டு நான் மேடை ஏறியதில்லை.

"நீ போ," என்றேன். "நான் வர்ற வரைக்கும் இழுத்துப் பிடி."

"நான் என்னத்தப் பேசறது?"

"இந்தா, என் ஸ்பீச். போர்வெல் பக்கத்தப் படி. அது நீளம்."

"எனக்கு மைக்னா கூச்சமா இருக்குமே."

"எனக்காகப் பாமா."

"சரி, உங்களுக்காக," என்று நான்கு பக்கத்தையும் மடித்து வாங்கிக்கொண்டு போனாள். ஹர்ஷிதாவும் கூடவே இறங்கினாள்.

கெட்ட தண்ணீர் போகப் போக மண்ணையும் வாரி எடுத்தேன். ஒவ்வொரு கைக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். கீழே பாமாவின் குரல். அடடா, என்ன உச்சரிப்பு. நான் கோடு போட்ட இடத்தில் நிறுத்தினாள், கைதட்டல் எழுந்தது. அடுத்த கோட்டிலும் எழுந்தது. கோடே போடாத இடத்தில் விசில் வந்தது. என் எழுத்துக்கு இவ்வளவு வலிமையா என்று நெஞ்சு விம்ம, டிரம்மைச் சாய்த்தேன்.

ஏழே காலுக்குச் சின்ன மீன் நிமிர்ந்தது. இடுக்கிலிருந்து வெளியே வந்து, பெரியதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நான் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். போனஸ் கிடைத்த நாளில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

கதவு திறந்தது. பாமா தோளில் சால்வை. ஹர்ஷிதா வாயில் லட்டு. பின்னால் வெங்கட்ரமணன்.

"பொழச்சுதா?" என்றாள் பாமா முதலில்.

"பொழச்சிருச்சு. கூட்டத்தத் தள்ளி வெச்சாங்களா? இதோ வரேன்."

"கூட்டம் முடிஞ்சிருச்சுங்க."

"செயலாளர் யாரு?"

"போட்டியின்றித் தேர்வு," என்றார் வெங்கட்ரமணன். "நேர்ல வராதவர் பெயர எடுக்க விதியில்ல. உங்க விதி. ஃபிளாட் பாமாம்மா பேர்ல இருக்கு. நான் முன்மொழிஞ்சேன்."

சால்வைக்கு அர்த்தம் புரிந்தது.

"இது எப்ப முடிவு பண்ணது?"

"மம்மி போன மாசமே டேங்க் தேடச் சொன்னாங்க, டாடீ," என்றாள் ஹர்ஷிதா லட்டை மென்றுகொண்டே. "ஃப்ரெஷ் வாட்டர் நக்கோ, வேணாம், அது ஈஸி, ஸால்ட் வாட்டர்தான் வேணும்னாங்க."

பாமாவைப் பார்த்தேன். "அப்ப, வரக்கூடாதுன்னு சொன்னது?"

"வாங்குங்கன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

நான் ஈரச் சட்டையைப் பிழிந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஈரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"யோசிச்சுப் பாருங்க. நீங்க செயலாளரானா நீங்கதான் நிர்வாகம். அப்புறம் யார எதிர்த்துக் கொடி பிடிப்பீங்க? ஒரே மாசத்துல இளைச்சுப் போயிடுவீங்க. இப்ப நான் நிர்வாகம். தாராளமா போராடுங்க."

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் வலித்தது.

அப்போது அழைப்புமணி அடித்தது. கீழ் வீட்டு இருதயராஜ். கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டதாம். செயலாளரிடம் புகார் கொடுக்க வந்திருந்தார்.

பாமா அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினாள். பிறகு பேனாவும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொண்டாள்.

"முதல் நாளே சொந்த வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பலன்னா நாலு பேர் பேசுவாங்க. 'தயவுசெய்து விளக்கம் தரவும்', இது போதுமாங்க?"

"என்ன வாசகம் இது, வழவழன்னு," என்றேன். "எவனும் பயப்பட மாட்டான். கொண்டா இப்படி."

எனக்கு எதிரான நோட்டீஸைக் காரசாரமாக நானே எழுதி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.