சகலையின் கம்ப்யூட்டரும் என் புதன்கிழமையும்

எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. மாத்திரையில் அடங்குகிற வகையல்ல. என் சகலை நடராஜ் புதுச் சட்டை போட்டாலே எரிகிற வகை.

என் மனைவி கல்யாணியின் அக்கா கணவர் அவர். மஞ்சூர்ப் பக்கம் எங்களுக்கு ஆளுக்கொரு சின்னத் தேயிலை ஃபேக்டரி. தேயிலை விலை விழுந்து, சிறு விவசாயிகள் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். வருகிற கொழுந்தும் நின்றால் ஃபேக்டரியைப் பூட்ட வேண்டியதுதான். அப்போது பார்த்து சகலை கம்ப்யூட்டர் வாங்கினார். யார் எந்தக் கிழமை கொழுந்து கொண்டுவர வேண்டும் என்று அது சீட்டு அச்சடித்துத் தந்தது. அவர் வாசலில் யாரும் காத்துக் கிடக்கவில்லை.

“ஏனுங்க, அக்கா ஊட்டு மாமா ஃபேக்டரில எல்லாம் கம்ப்யூட்டருங்களாமா. நம்முளுது இன்னும் கரும்பலகைதானுங்களா?” என்றாள் கல்யாணி.

(அப்புறம் எங்கே சோறு இறங்கும்?)

மறுநாளே கோயமுத்தூர் போனேன். கடைக்காரரிடம் நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: திரை சகலையுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு வாரம் ஆளனுப்பிச் சொல்லித் தருவதாகச் சொன்னார். சகலையின் ஆபரேட்டருக்குச் சொல்லித் தந்ததும் அதே ஆள்தான் என்று தெரிந்ததும், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன்.

நூற்றிருபது பேர் பெயரை ஒற்றை விரலால் அடித்தேன். முதல் பெயருக்கு எதிரே ‘புதன்’ என்று போட்டேன். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் மிச்சக் கட்டங்களைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். இழுத்தேன். நிரப்பியது. (வியாழன், வெள்ளி என்று போடக்கூட அதற்குத் தெரியாதா என்ன?) சரிபார்க்காமலே அச்சடித்து, லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

புதன்கிழமை காலை, கேட்டில் தொடங்கிய வரிசை கொண்டை ஊசி வளைவையும் தாண்டிவிட்டது. ஜீப், பிக்கப், தலைச்சுமை. நடுவே ஊட்டி பஸ் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது.

முன்னால் நின்ற விவசாயி போஜன் சீட்டை நீட்டினார். “மொதலாளி, எனக்கும் புதன், பின்னாடி நிக்கிறவனுக்கும் புதன். உங்க மிசினுக்கு வேற கெழமையே தெரியாதுங்களா?”

மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். சூடேறியிருந்தது. மத்தியானத்துக்குள் கொழுந்து சிவந்துவிடும். அத்தனை பேர் உழைப்பும் குப்பைக்குப் போகும். என் ஃபேக்டரியோ அதில் பாதியைக்கூடத் தாங்காது. கல்யாணி போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். சகலையை நான் அதுவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை; “பாருங்க”, “கேளுங்க” என்றே காலம் தள்ளியிருந்தேன்.

“அண்ணா...” என்றேன்.

“லாரி ரெண்டும் கெளம்பிருச்சுங்க தம்பி. பஸ் வரலீன்னப்பவே விசாரிச்சுட்டேன். மூட்டைய மட்டும் பிரிச்சுப் போடுங்க, காத்தாடட்டும்.”

பாதிக்கு மேல் கொழுந்து அவர் ஃபேக்டரிக்குப் போய்ப் பிழைத்தது. கூடவே போன விவசாயிகளில் முப்பது பேர் இனி அவருக்கே கொழுந்து போடுவதென்று அங்கேயே நின்றுவிட்டார்கள். மறுநாள் அவருடைய ஆபரேட்டர் வந்து, என் பெரிய திரையில் எனக்குப் பாடம் நடத்தினான்.

இப்போதும் மாமியார் வீட்டில் எந்த விசேஷத்துக்கு நாள் குறித்தாலும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: “புதன் மட்டும் வேண்டாமுங்க, சின்ன மாப்பிள்ளை ஊரையே கூட்டியாந்துருவாரு!” வீடே சிரிக்கும். கல்யாணி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். சகலை மட்டும் சிரிக்காமல், குனிந்து இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

ஒரு தடவையாவது சிரித்துத் தொலைக்கக் கூடாதா அந்த மனுஷன்!