டைமண்டுக்கு ரத்தப் பரிசோதனை

"நாலு நாளா ஒரு வாய் தின்னலை டாக்டர்," என்றான் மாயக்கண்ணன். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

மடியில் இருந்த பூனை அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவன் அலுவலக மேலதிகாரி சந்திரலேகா, பயிற்சிக்காகச் சென்னை போகும்போது, "டைமண்டைப் பாத்துக்கங்க, தீனி முன்கட்டுல இருக்கு" என்று முன்வாசல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டைமண்ட் என்று ஒரு பூனை இருப்பதாக அவன் கேள்விப்பட்டதோடு சரி. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற செட்டிநாட்டு வீடு அது. தேடிக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும் என்று பயந்து போனவனுக்கு, முதல் முற்றத்திலேயே பூனை காட்சி கொடுத்தது. பாக்கெட் தீனியைத் தட்டில் கொட்டியபோதுதான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

சிவகங்கைக்கு மாற்றலாகிறவர்கள் பட்டியலில் மாயக்கண்ணன் பெயரும் இருந்தது. அந்தப் பெயரை அடிப்பதும் விடுவதும் மேடம் கையில். பூனைக்கு ஒன்று ஆனால், காரைக்குடியை மறந்துவிட வேண்டியதுதான்.

டாக்டர் கதிரவன் பூனையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இத்தனை நாள் பட்டினி கிடந்தா லிவர்ல கொழுப்பு சேந்துரும். ரத்தத்துல லிவர் என்சைம், பிலிருபின், பித்த அமிலம் மூணையும் பாத்துருவோம்."

"இப்பவே எடுங்க டாக்டர்."

"வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு எடுக்கணும். நாளைக்குக் காலையில வாங்க. அதுவரைக்கும் எதுவும் குடுத்துராதீக."

"குடுத்தாலும் திங்க மாட்டேங்குதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?"

"அது வேற, இது வேற," என்றார் டாக்டர்.

பூனையைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனான். காலையில் மனைவி சுபலட்சுமி சிரித்த முகமாக வந்தாள்.

"ஏங்க, வறுத்து வச்ச நெத்திலிக் கருவாடு பூராத்தையும் தின்னுருச்சுங்க!"

"அடிப்பாவி! இன்னைக்குன்னு பாத்தா திங்கணும்?"

"திங்கலைன்னாலும் அழுகுறீக, தின்னாலும் அழுகுறீக. உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய?"

"ஒரு வேளை தின்னுட்டா நோய் இல்லைன்னு ஆயிராது," என்று டாக்டர் போனில் பரிசோதனையை மறுநாளுக்குத் தள்ளினார். இந்த முறை மாயக்கண்ணன் பூனையைக் குளியலறையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். வீட்டில் யாரும் குளிக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதல் ரத்தம் எடுப்பதற்குள் அவன் கையில் எட்டுக் கீறல். இனி பூனை சாப்பிட வேண்டும். சாப்பிடவில்லை.

"ஒரே ஒரு உருண்டை, டைமண்ட். என் கண்ணுல்ல," என்று தட்டை ஏந்திக்கொண்டு தரையில் மண்டியிட்டுக் கெஞ்சினான். அவன் பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படி ஊட்டியதில்லை.

ஆட்டுக்கு ஊசி போட வந்திருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "வாயைப் பொளந்து ஊட்டுங்க தம்பி."

பிளந்தான். விரலில் கடி விழுந்தது. டாக்டர் இப்போது அவனுக்கு ஊசி போட்டார்.

கடைசியில் சுபலட்சுமி மீன் குழம்போடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் கிண்ணம் காலியானது. இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டாவது ரத்தம். இன்னும் ஆறு கீறல்.

சாயங்காலம் முடிவு வந்தது. "லிவர் தங்கமா இருக்கு. ஒரு குறையும் இல்லை," என்றார் டாக்டர்.

மாயக்கண்ணனுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மேடம் மறுநாள் வருகிறார். பட்ட பாடெல்லாம் வீண் போகவில்லை. கட்டுப்போட்ட கையோடு பூனையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மேடம் வீட்டு முன்வாசலைத் திறந்தான்.

முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாள் ராக்காயி விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள்.

"யாரு சார் நீங்க? டைமண்டு மூணு வேளையும் நான் பின்வாசல் வழியா வந்து வைக்கிற சோத்தைத் தின்னுட்டு மாடியில தூங்குது, இந்த மீன் மார்க்கெட்டுத் திருட்டுப் பூனையை எதுக்கு இங்குட்டுத் தூக்கிட்டு வாரீக?"