சீசன் முடிந்ததற்கான சான்றிதழ்

குற்றாலத்தில் சீசன் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். எப்போது முடிகிறது என்பதைத்தான் யாரும் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டிய அவசியம் கடையநல்லூர் மிஸ்ரியாவுக்கு வந்தது.

மிஸ்ரியா அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பாள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலையைத் தொடக் கூடாது என்று யூடியூபில் ஒரு வக்கீல் சொன்னதை மூன்று தடவை கேட்டவள். ஆகவே குற்றாலத்து லாட்ஜ்காரர் சுடலைராஜின் வேலையை எடுத்ததும் முத்திரைத்தாளில் முறைப்படி ஒப்பந்தம் போட்டாள். இருபத்துநாலாயிரம். எப்போது கிடைக்கும் என்ற வரியில் பேனா நின்றது.

"சீசன் முடிஞ்சதும்னு போடும்மா. இங்கன எல்லாருக்கும் அதான் கணக்கு," என்றார் சுடலைராஜ். போட்டாள். அந்தப் பணத்தை நம்பித் தவணையில் லேப்டாப்பும் வாங்கினாள்.

அக்டோபரில் போய்க் கேட்டாள். "அருவியில தண்ணி விழுதுல்லா?" என்றார். டிசம்பரில் ஐயப்ப சாமிகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில், பாறை காய்ந்து குரங்குகளே ஊருக்குள் இறங்கிவிட்ட பிறகு போனாள்.

"சீசன் முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன்."

"நீ பாத்தா ஆச்சா? ஒப்பந்தம்னா ஆதாரம் வேணும்லா. சர்க்கார் ஒரு தாளு குடுக்கட்டும், அந்த நிமிசமே பணம். நானும் சட்டப்படி நடக்கவன்தாம்மா."

அவர் பேச்சில் மிஸ்ரியாவுக்குக் குற்றம் எதுவும் தெரியவில்லை. லேப்டாப்புக்கு மூன்று தவணை தவறியிருந்தது. கம்மலை அடகு வைத்துக் கொஞ்சம் கட்டி, தவணைக்காரரிடம் ஜூன் வரை அவகாசம் வாங்கிக்கொண்டு, தென்காசியில் பருவகால நிகழ்வுகள் பிரிவு என்று பலகை தொங்கிய அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் சொரிமுத்து மனுவைப் பரிவோடு படித்தார்.

"குடுக்கலாமே. சீசன் ஆரம்பிச்சதுக்குச் சான்று வச்சிருக்கியளா?"

"அதுக்கு யாரும் வாங்க மாட்டாங்களே சார்."

"ஆரம்பிக்காதது எப்படிம்மா முடியும்?"

விஷயத்தின் முக்கியத்துவம் கருதி மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு எண்ணெய், சோப்பு, துண்டு சகிதம் கள ஆய்வுக்குச் சென்று, "நீர் விழாமையால் குளிக்க இயலவில்லை, இந்நிலை தற்காலிகமானதா என்பது மேலும் ஆராயத்தக்கது" என்று அறிக்கை அளித்தது. பிறகு பொதுமக்கள் ஆட்சேபணைக்கு முப்பது நாள் விடப்பட்டது. வந்தது ஒரே ஆட்சேபணை, லாட்ஜ் உரிமையாளர் சங்கத்திடமிருந்து: சீசன் முடிந்ததென்று அரசே சொல்லிவிட்டால் அறையெடுக்க எவன் வருவான்? கீழே தலைவர் சுடலைராஜின் கையெழுத்து. மனுவுக்கான கட்டண வில்லை ஒட்டாத காரணத்தால் அது தள்ளுபடியானது.

சான்றிதழ் ஜூன் முதல் வாரம் கைக்கு வந்தது. பச்சை மைக் கையெழுத்து, வட்ட முத்திரை. மிஸ்ரியா பஸ் ஏறிக் குற்றாலம் போய் இறங்கியபோது சாரல் முகத்தில் அடித்தது.

சுடலைராஜ் இரண்டு முறை படித்தார். "அருமையான தாளு. ஆனா இது போன சீசனுக்குல்லா? ஒப்பந்தத்துல எந்த சீசன்னு நீ போடலியே. வெளிய பாரு, சீசன் நடக்குது."

மிஸ்ரியா கடையநல்லூர் திரும்பியபோது வீட்டு வாசலில் ராபியா காத்திருந்தாள். சுடலைராஜின் இணையதளத்தை மலையாளத்துக்கு மாற்றிக் கொடுத்த செங்கோட்டைப் பிள்ளை. அவளுக்கும் மிஸ்ரியா எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்திருந்தாள். சுடலைராஜுடன் போட்டதையே எடுத்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி.

"லாத்தா, சீசன் முடிஞ்சிட்டுன்னு கவர்மெண்டே தாள் குடுத்துட்டாமே? என் நாலாயிரம்?"

விடிந்தால் தவணைக்காரர் வந்து நிற்பார். மிஸ்ரியாவிடம் இருந்ததே ஐயாயிரம். அவள் சான்றிதழைப் பிரித்து, முதல் வரியிலிருந்து முத்திரை வரை, படித்த பிள்ளை படிக்க வேண்டிய நிதானத்தோடு படித்தாள்.

"இது தென்காசி வட்டத்துக்கு மட்டுந்தான் செல்லும்னு போட்டிருக்கு," என்றாள். "நீ செங்கோட்டை வட்டம்லா, ராபியா?"